சாங்கியில் காத்திருக்கும் நேரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிள்ளைகளைப் பார்க்கக் கோவையிலிருந்து சிங்கப்பூர் வழியாக ஆஸ்திரேலியா போகும் பெற்றோர் நம் பக்கத்தில் பெருகியிருக்கிறார்கள். இடையில் அங்குள்ள சாங்கி விமான நிலையத்தில் எட்டு, பத்து மணி நேரம் கிடைத்தால் அதை நன்றாகவே பயன்படுத்தலாம். ஆனால் முதலில் டிக்கெட்டைப் பாருங்கள். இரண்டு பயணமும் ஒரே முன்பதிவில் இருந்தால் கடைசி ஊர் வரை பெட்டி தானே போகும்; கோவை கவுண்டரில் தரும் பெட்டிச் சீட்டில் அந்த ஊர்ப் பெயர் இருக்கிறதா என்று அங்கேயே சரிபாருங்கள். மலிவு என்று தனித்தனி டிக்கெட் எடுத்தால், பெட்டியை எடுக்கவே குடிநுழைவை (இமிகிரேஷன் சோதனையை) தாண்டி வெளியே வர வேண்டியிருக்கும். அதற்கு நுழைவு அனுமதி வேண்டும்.

பலர் ஏமாறுவது விமான நிலையத்தை ஒட்டிய ஜுவல் வளாகத்தின் அருவியில்தான். அதுவும் குடிநுழைவுக்கு வெளியே இருக்கிறது. ஆஸ்திரேலிய விசா வைத்திருக்கும் இந்தியருக்கு 96 மணி நேர விசா இல்லாத இடைத்தங்கல் சலுகை உண்டு; நிபந்தனைகளைப் படித்து, மின்னணு வருகை அட்டையை சிங்கப்பூர் போய்ச் சேருவதற்கு முந்தைய 3 நாளுக்குள் நிரப்பிவிட வேண்டும். அப்படி நுழையத் தகுதி இருந்து, இடைவெளியும் ஐந்தரை மணி முதல் 24 மணி நேரத்துக்குள் இருந்தால், விமான நிலையமே நடத்தும் இலவச நகரச் சுற்றுலாவிலும் சேரலாம். மற்றவர்களுக்கு உள்ளேயே, 3ஆம் முனையத்தில், பட்டாம்பூச்சித் தோட்டமும் இலவசத் திரையரங்கும் இருக்கின்றன.

மாத்திரை, சால்வை, சார்ஜர் மூன்றும் கைப்பையில் இருக்கட்டும். பெட்டி நடுவில் கைக்கு வராது.

வாசகர்,
கோபிசெட்டிபாளையம்