க்யூபிட் எண்ணிக்கையைப் பார்த்து நிதி தர வேண்டாம்

தேசிய குவாண்டம் இயக்கத்தின் ஆய்வு முன்மொழிவுகளைப் பரிசீலிக்கும் வல்லுநர்களுக்கு,

வணக்கம். 2023 ஏப்ரலில் 6,003.65 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் பெற்ற இயக்கத்தின் குவாண்டம் கணினி இலக்கே 50 முதல் 1000 க்யூபிட் (குவாண்டம் கணினியின் அடிப்படைத் தகவல் அலகு) என்றுதான் எழுதப்பட்டிருக்கிறது. விந்தையான காந்தப் பொருள்களைக் குவாண்டம் செயலியில் சிமுலேட் செய்யும் திட்டங்களுக்கு அந்த அளவுகோல் உதவாது.

ரூத்தேனியம் ட்ரைகுளோரைடு என்ற காந்தப் பொருளின் ஆய்வில் அடிபடும் கிட்டயேவ் தேன்கூட்டு மாதிரியையே பாருங்கள். ஏழு அறுகோணங்கள், 24 ஸ்பின்கள் (அணு அளவிலான நுண்காந்தங்கள்), அவற்றை இணைக்கும் 30 பிணைப்புகள். ஐபிஎம்மின் ஈகிள் வகைச் சிப்பில் ஸ்பின்னுக்கு ஒன்று போக, ஒவ்வொரு பிணைப்பின் நடுவிலும் ஒரு க்யூபிட் இருப்பதால் மொத்தம் 54 தேவை. அந்த நடுக் க்யூபிட் வழியே ஒரு பிணைப்பை இயக்க நான்கு சிநாட் கேட் (இரு க்யூபிட்களைச் சேர்த்து இயக்கும் அடிப்படைச் செயல்) வேண்டும். காலத்தைச் சிறு படிகளாக நறுக்கி ஓட்டும்போது ஒரு காலப்படிக்கு 120, பத்துப் படிக்கு 1,200. கேட்டுக்கு 0.3% பிழை என்றாலும் பிழையே இல்லாமல் முடிபவை நூற்றுக்கு மூன்று ஓட்டங்கள்கூட இல்லை. அந்த 0.3%-உம் தனியே இயக்கி அளந்ததாக இருந்தால் நம்ப வேண்டாம். பக்கத்துக் கேட்கள் சேர்ந்து ஓடும்போது சிக்னல் கசிந்து பிழை கூடும். ஒரே நேரத்தில் ஓடும் கேட்களின் அடுக்கு முழுவதையும் ஓட்டி அளந்த எண்ணைக் கேளுங்கள்.

இம்மாதிரியில் ஒரு வசதி உண்டு. ஒவ்வோர் அறுகோணத்துக்கும் உரிய ஆறு-ஸ்பின் பெருக்கம் மாறாது. காலத்தைப் படிகளாக நறுக்கினாலும் மாறாது. ஆகவே +1-இல் தொடங்கிய மதிப்பு படிப்படியாகச் சரிந்தால் பழி முழுக்க வன்பொருளின் மேல்தான். முதலில் பூஜ்யப் படியில், அதாவது காலப்படி எதையும் ஓட்டாமல், அளக்க வேண்டும்: க்யூபிட்டுக்கு 1% வாசிப்புப் பிழை இருந்தாலே மதிப்பு 0.89-க்கு இறங்கிவிடும். ஹைசன்பர்க் இடைவினையை (ஸ்பின்கள் எல்லாத் திசையிலும் ஒரேபோல் இணையும் வகை) சேர்த்தால் இந்தப் பாதுகாப்பு போய்விடும்; அந்தக் கேட்களின் கோணத்தைப் பூஜ்யமாக்கி ஒரு கட்டுப்பாட்டு ஓட்டம் வேண்டும். இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். சர்க்யூட்டை, அதாவது கேட் வரிசையை, சிப்புக்கேற்ப மாற்றும் கம்பைலர் மென்பொருள் பூஜ்யக் கோணக் கேட்களைச் சத்தமில்லாமல் நீக்கிவிடும். தடுப்பு போடாவிட்டால் ஒப்பீட்டுக்கு எடுத்த சர்க்யூட் குட்டையாகி, முடிவு அழகாகத் தெரியும்.

மரபுக் கணினியோடு ஒப்பீடும் கட்டாயம். 24 ஸ்பின்னுக்கு 268 மெகாபைட் நினைவகம் போதும், மடிக்கணினியே துல்லியமாகக் கணக்கிடும்; இதைக்கூடச் செய்யாத முன்மொழிவுக்குச் சாக்கு கிடையாது. பெரிய அளவுக்கு டென்சர் நெட்வொர்க் முறையில் (குவாண்டம் நிலையைச் சுருக்கி எழுதி மரபுக் கணினியில் கணக்கிடும் முறை) முயன்று பார்த்திருக்க வேண்டும். 2023 ஜூனில் ஐபிஎம் 127 க்யூபிட்டில், 2,880 சிநாட் வரை ஓட்டிய ஐசிங் என்ற எளிய காந்த மாதிரியின் சோதனையை, சில வாரங்களிலேயே அம்முறை அதைவிடத் துல்லியமாகச் செய்து காட்டியது. சிப்பின் இணைப்பு வலை ஏறத்தாழ மரக்கிளை போல இருந்ததும் அதற்கு ஒரு காரணம்.

வேலை முடிந்ததும் 0-க்குத் திரும்ப வேண்டிய நடுக் க்யூபிட்டில் 1 வந்த ஓட்டங்களைத் தள்ளிவிடலாம், தவறில்லை. எத்தனை தள்ளப்பட்டன, சிப்பின் கடைசி அளவுத்திருத்தம் எந்த நேரத்தில் நடந்தது என்ற இரண்டையும் தரவுடன் இணைக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
குவாண்டம் சிமுலேஷனில் பணிபுரிவோர்