மங்களூரிலிருந்து சுப்பையாவுக்கு

அன்புள்ள சுப்பையா,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. பதில் தாமதமானதற்குப் பழியை மழைமேல் போட்டுவிடுகிறேன். இந்த ஊர் மழை நம் குற்றாலச் சாரல் கணக்கில்லை. ஆனியில் பிடித்தால் ஆவணி வரை விடாது. துணி காயாது, தீப்பெட்டி நமுத்துப்போகும். மகளும் மருமகனும் வேலைக்குப் போனபின் வீட்டில் நானும் பேத்தியும்தான். உன் பேரனுக்கு நல்ல கல்லூரியில் இடம் கிடைத்தது பெரிய நிம்மதி. முழங்காலுக்கு எண்ணெய் மட்டும் போட்டுக்கொண்டிருக்காதே, ஒரு டாக்டரிடம் காட்டு.

“அங்கே கன்னடம்தானே, சமாளிச்சிருவே” என்று எழுதியிருந்தாய். கன்னடம் பள்ளிக்கூடத்திலும் பஸ் போர்டிலும்தான் இருக்கிறது. மீன் கொண்டுவரும் அம்மா பேசுவது துளு, மேல்மாடிக்காரர் வீட்டில் கொங்கணி, மளிகைக்கடை பாய் வீட்டில் பியாரி. யார் யாரிடம் எதைப் பேசுவது என்பதைப் பேத்தி தானாகவே பிடித்துக்கொண்டாள். எனக்குத்தான் எல்லாம் கலந்து வருகிறது.

2011 கணக்கெடுப்பில் துளுவைத் தாய்மொழி என்று சொன்னவர்கள் 18 லட்சம் பேருக்கு மேல். ஆனாலும் அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் அதற்கு இடமில்லை, சொந்தமாக ஒரு மாநிலமும் இல்லை. 1956 வரை இந்தப் பகுதி நம் சென்னை மாகாணத்தின் தென்கன்னட மாவட்டம். அந்த நவம்பர் 1 அன்றுதான் செங்கோட்டை நம்மோடு சேர்ந்தது, ஞாபகமிருக்கிறதா? அதே நாளில் இவர்களை இரண்டாகப் பிரித்து, பெரும்பகுதியை மைசூருக்கும் காசர்கோட்டைக் கேரளத்துக்கும் கொடுத்துவிட்டார்கள். நமக்கு அது கொண்டாட்ட நாள். இவர்களில் வயதானவர்கள் அதைச் சொல்லும் தொனியே வேறு.

நம் இடையன்குடியில் உட்கார்ந்துகொண்டு கால்டுவெல் எழுதிய ஒப்பிலக்கணத்தை மேடைக்கு மேடை சொல்கிறோம். துளு மிக நன்றாக வளர்ந்த திராவிட மொழிகளுள் ஒன்று என்று அவர் அதில் எழுதியிருப்பதை யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறாயா? அகநானூற்றில் மாமூலனார் இந்தத் துளுநாட்டைப் பாடியிருக்கிறார். மயில்கள் திரியும் சோலைகளும், வெறுங்கையோடு வருகிற புதியவர்களைத் தாங்கும் பண்பும் உள்ள நாடு என்கிறார். திராவிடம், திராவிடம் என்று நாம் பேசுவதெல்லாம் பெரும்பாலும் நம்மைப் பற்றித்தான்டே. பக்கத்து வீட்டுக்காரன் பெயர்கூட நமக்குத் தெரியாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தை மாதம் ஒரு நண்பர் பண்ட்வாள் பக்கம் தன் குடும்ப வீட்டில் நடந்த கோலா என்கிற தெய்வ ஆட்டத்துக்குக் கூட்டிப்போனார். “சினிமாவில் பார்த்தேனே” என்பாய். சினிமா காட்டுவது ஆட்டத்தை. எனக்குப் பிடித்தது அதற்கு முந்தைய பொழுது. ஓலைக் கொட்டகையில் ஒரு மனிதர் பாயில் உட்கார்ந்து, கையகலக் கண்ணாடியைப் பார்த்தபடி முகத்தில் அரிதாரம் பூசிக்கொண்டிருந்தார். மஞ்சள் பரப்பின்மேல் கறுப்புக் கோடு, சிவப்புப் பொட்டு என்று ஒவ்வொன்றாகத் தன் கையாலேயே இழுத்தார், அவசரமே இல்லை. இரண்டு பையன்கள் தென்னங்குருத்தைக் கீறிப் பாவாடை கட்டிக்கொண்டிருந்தார்கள். அவருடைய அம்மா பக்கத்தில் குந்தியிருந்து, தெம்பரே என்கிற சின்னப் பறையைத் தட்டிக்கொண்டு பாட்தனம் பாடினார். அந்தத் தெய்வம் எங்கே பிறந்தது, எந்தக் காட்டைக் கடந்து எந்த வீட்டுக்கு வந்தது என்கிற கதைதான் பாட்தனம். அன்றைக்குப் பஞ்சுர்லி, பன்றித் தெய்வம். மகன் முகம் மாறமாற அம்மாவின் குரலும் ஏறியது. கடைசியில் மகன் கக்கரம் என்கிற கனத்த சலங்கையைக் கையில் வாங்கிக் குலுக்கிவிட்டுக் காலில் கட்டினார். அதற்குப் பிறகு அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.

நம்மூர்ச் சுடலைமாடன் கோயில் கொடை விழா அப்படியே கண்முன் வந்தது. வில்லுப்பாட்டில் கதை ஒரு கட்டத்தைத் தொட்டதும் சாமியாடுகிற கோமரத்தாடிக்கு அருள் வருமே, இங்கேயும் பாட்டுதான் சாமியைக் கூப்பிடுகிறது. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். நம் பக்கத்தில் பெரும்பாலும் அந்தந்தக் குடும்பத்து ஆள்தான் சாமியாடுவார். இங்கே ஆடுபவர்கள் நலிகே, பரவ, பம்பத என்னும் ஒடுக்கப்பட்ட சாதியினர். நிலக்காரர் கைகட்டி நிற்க, பங்காளிகளின் வரப்புத் தகராறை அந்தத் தெய்வம் அதட்டித் தீர்த்துவைத்தது. விடிந்ததும் அதே மனிதர் முற்றத்தோடு நின்று கூலி வாங்கிக்கொண்டு போனார். இதைச் சமத்துவம் என்று சிலாகிக்கிறவர்கள் உண்டு. எனக்கு ஒப்பவில்லை. 2022-இல் கர்நாடக அரசு 60 வயது கடந்த இந்தக் கலைஞர்களுக்கு மாதம் 2,000 ரூபாய் அறிவித்தது. அதையாவது உருப்படியான காரியம் என்பேன்.

பாட்தனக் கதைகளில் கல்குடன் கதை என்னை விடவே மாட்டேன் என்கிறது. கார்களாவில் சமணர்கள் வணங்கும் கோமட்டருக்கு 42 அடி உயரச் சிலை இருக்கிறது, 1432-இல் எழுந்தது. அதைச் செதுக்கிய சிற்பி கல்குடன் என்கிறது பாட்டு. இன்னொருவருக்கு இதுபோல் செய்துவிடக் கூடாது என்று அரசன் அவனுடைய இடக்கையையும் வலக்காலையும் வெட்டிவிடுகிறான். அவன் மிச்சமிருந்த ஒரு கையோடும் ஒரு காலோடும் வேணூருக்குப் போய் அடுத்த கோமட்டரைச் செதுக்குகிறான். வேணூர்ச் சிலையின் வருஷம் 1604. நடுவே 172 ஆண்டு இடைவெளி, ஆனால் பாட்டுக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை. தங்கை கல்லுர்ட்டி அரசனைப் பழிவாங்குகிறாள். அண்ணனும் தங்கையும் இன்றைக்குத் தெய்வங்கள். அரசனுக்கு ஒரு படையலும் கிடையாது.

அதைவிடப் பெரியது சிரி என்கிற பெண்ணின் கதை. வளைகாப்புக்கு வாங்கிய புடவையைப் புருஷன் முதலில் தாசி வீட்டில் கட்டவைத்துவிட்டுக் கொண்டுவருகிறான். சிரி அதைத் தொட மறுக்கிறாள், பிறகு அவனையே வேண்டாமென்று தீர்த்துவிட்டு, பிள்ளையோடு நடந்துபோய் வேறொருவனை மணக்கிறாள். கோபால நாயக்கர் என்னும் விவசாயி இதை முழுக்கப் பாடி வைத்திருந்தார். 1990 டிசம்பரில் பின்லாந்து அறிஞர் லௌரி ஹோன்கோ, விவேக ராய், சின்னப்ப கௌடா ஆகியோர் பதிவு செய்தார்கள். எழுதிப் பார்த்தால் 15,683 வரி! ஹோமரின் இலியட்டும் ஏறக்குறைய அதே நீளம்தான். இதில் ஒரு ஏட்டுச்சுவடியும் இல்லை, எல்லாம் அந்த ஒரு மனிதரின் வாயில் இருந்தது.

நந்தளிகெ என்கிற ஊரில் நடக்கும் சிரி ஜாத்திரைத் திருவிழாவுக்கு மகளும் வந்தாள். இரவு, பௌர்ணமி. வரிசை வரிசையாகப் பெண்கள், கையில் கமுகம்பூ. ஆட்டம் வந்தவளிடம் சிரியின் மகன் குமாரனாக நிற்கும் ஆண் “நீ யார்?” என்று கேட்கிறார். ஒருத்தி நான் சிரி என்கிறாள், ஒருத்தி சிரியின் மகள் சொன்னெ என்கிறாள். பெயர் வருகிறவரை விடுவதில்லை. வீட்டில் வாய் திறக்காத பெண்கள் அங்கே மாமியாரை நேரே பார்த்துப் பேசுகிறார்கள். மகள் வீட்டுக்கு வரும்வரை ஒன்றும் சொல்லவில்லை. ஏன் என்று நானும் கேட்கவில்லை.

போன வாரம் ஆடி அமாவாசை. விடியுமுன் ஏழிலைப்பாலைப் பட்டையைக் கல்லால் தட்டி உரித்துக் கஷாயம் வைக்கிறார்கள், இரும்பு படக்கூடாதாம். இருட்டில் மரம் மாறி எட்டிப்பட்டையை உரித்து விபரீதமானதும் உண்டு. அதனால் பக்கத்து வீட்டுக்காரர் முந்தின நாளே மரத்தில் அடையாளம் வைத்துவிட்டார். ஒரு மடக்குக் குடித்தேன். அதற்குப் பிறகு வெந்தயக் கஞ்சி தராமல் இருந்திருந்தால் அன்றைக்கு நான் யாரிடமும் பேசியிருக்க மாட்டேன்.

ஒரு வேலை தருகிறேன். நம் கொடையில் பாடுவாரே, அந்த வில்லுப்பாட்டு அண்ணாச்சி இப்போதும் இருக்கிறாரா? இருந்தால் பேரனையும் அவன் போனையும் கூட்டிக்கொண்டு போய் முழுக்கதையையும் பாடச்சொல்லிப் பதிவு செய். மூன்று நிமிஷ வீடியோ வேண்டாம், முழுசாக. ஆகிற செலவு என்னுடையது.

தீபாவளி முடிந்தால் கோலா தொடங்கிவிடும். நாகர்கோவில் வந்து மங்களூர் ரயிலைப் பிடி, கீழ் பெர்த் கிடைக்கும்படி முன்னாலேயே போட்டுவிடு. வரும்போது உடன்குடிக் கருப்பட்டி கொஞ்சம் கொண்டுவா. இங்கே கிடைப்பது வெறும் வெல்லம்தான்.

உன்,
ராமலிங்கம்