ஈர நெல் மூட்டை சுடுவது ஏன்?

ஆசிரியருக்கு,

மாரி வெள்ளாமை வெட்டும் காலத்தில் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் மெசினால் வெட்டிய ஈர நெல்லை அப்படியே மூட்டையாகக் கட்டி அடுக்கிவிடுகிறார்கள், பிறகு கையை உள்ளே விட்டால் சுடுகிறது, புளித்த மணம் வேறு. அது வெயில் சூடாம் என்கிறார்கள் சிலர்! நிழலில் கிடந்த மூட்டையும்தானே சுடுகிறது.

நெல்மணிக்கு உயிர் இருக்கிறது. ஈரம் இருந்தால் அதன் கலங்கள் வேகமாகச் சுவாசிக்கும்; மாப்பொருள் குளுக்கோசாகி, அது கலத்துக்குள் இருக்கும் கூழான குழியவுருவில் கொஞ்சம் உடைந்து, மிச்சம் கலத்தின் சக்தி நிலையமான இழைமணிக்குள் ஒட்சிசனின் உதவியோடு காபனீரொட்சைட்டாகவும் நீராகவும் மாறும்போது வெளிவரும் சக்தியில் ஒரு பங்குதான் கலம் தன் வேலைக்கு எடுக்கும் ஏ.ரி.பி. என்ற சக்திப் பொருளில் சேரும், மீதி சூடாகப் போகிறது. அந்த நீரால் ஈரம் இன்னும் கூட, பூஞ்சணமும் சேர்ந்து சுவாசிக்கும். எடையும் குறையும், நட்டம் நமக்குத்தான்.

ஈரப்பதன் 14 வீதத்துக்கு இறங்கினால் இது பெரும்பாலும் அடங்கிவிடும். சரி, எங்கே காயவைப்பது? ரோட்டில்தான், பஸ் வர வர ஒதுக்கிக்கொண்டு. ஊருக்கு ஒரு சீமெந்துக் களமாவது கட்டித் தரட்டும்.

விவசாயி ஒருவர்,
வெல்லாவெளி