5ஜி போனுக்கு 4ஜி கோபுரமும் வேண்டும்

ஐயா,

அம்பாசமுத்திரத்தில் செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். "அண்ணாச்சி, புது 5ஜி போன்தான், நெட்டு நிக்க மாட்டேங்கு" என்று பாபநாசம், விக்கிரமசிங்கபுரம் பக்கமிருந்து நிறையப் பேர் வருகிறார்கள். பெரும்பாலும் போனில் குறையே இருக்காது.

2022 அக்டோபரில் இந்தியாவுக்கு 5ஜி வந்தபோது, இருக்கிற 4ஜி நிலையத்தையே பிடிமானமாகக் கொண்ட முறையும் வந்தது. இதில் போன் ஒரே நேரத்தில் இரண்டு நிலையங்களோடு இணைந்திருக்கும். டேட்டாவை வேகமாகத் தருவது 5ஜி. ஆனால் இணைப்பை ஏற்படுத்துவது, கட்டுப்படுத்துவது எல்லாம் 4ஜி வழியாகத்தான். அது அறுந்தால் 5ஜியும் கூடவே போய்விடும். இரண்டு ரேடியோவும் ஓடுவதால் பேட்டரியும் சீக்கிரம் இறங்கும்.

மலையடிவார ஊர்களில் 4ஜியே தள்ளாடுகிறது. அதைச் சரிசெய்யாமல் 5ஜி கருவியை மாட்டி என்ன பயன்? பீடி சுற்றுகிற அக்காமார் கடன் வாங்கிப் பிள்ளைகள் படிப்புக்கு இந்த போனை வாங்குகிறார்கள். அவர்களிடம் "போன் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி அனுப்பவே மனசு வரவில்லை. நிறுவனங்கள் முதலில் இங்குள்ள 4ஜி நிலையங்களின் திறனைக் கூட்ட வேண்டும். எந்த ஊரில் எந்த முறையில் 5ஜி தருகிறோம் என்பதையும் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அம்பாசமுத்திரம்.