தட்டை இப்போதே வாங்கு, பெரிய விங்கைப் பிறகு பார்க்கலாம்

அன்பு மகள் தாரணிக்கு,

நீ அனுப்பிய நீண்ட செய்தியை ஆறுதலாக இருந்து வாசித்தேன். ஸ்கூபா மூழ்கலுக்குக் கடைக்காரர் ஜாக்கெட் வாங்கச் சொல்கிறார், அதுதான் காற்றூதும் பை சேர்த்துத் தைத்த மேலங்கி. உன்னோடு மூழ்கும் நண்பரோ, எப்படியும் ஆழமான டெக்னிக்கல் மூழ்கல் பக்கம் போகப்போகிறாய், முதுகில் ஊதும் காற்றுப்பையான விங்கில் இரட்டைச் சிலிண்டருக்கான பெரியதை இப்போதே வாங்கிவிடு, ஒரே செலவோடு போகும் என்கிறார். நீ நடுவில் நின்று என்னைக் கேட்கிறாய். தொலைபேசியில் தொடங்கினால் பாதியில் அம்மா வாங்கிப் பேசத் தொடங்கிவிடுவாள், கதை வேறு பக்கம் போய்விடும். அதனால்தான் எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்கிறேன். சிலிண்டரை முதுகில் தாங்கும் ஒரு ஸ்டீல் தட்டு, அதாவது பேக்பிளேட், அதை உடம்போடு கட்ட ஒரே நாடாவில் கோத்த ஹார்னஸ், ஒற்றைச் சிலிண்டருக்கான சின்ன விங். 13, 14 கிலோ தூக்கினால் உனக்குக் காணும். ஜாக்கெட் வேண்டாம். பெரிய விங்கும் இப்போதைக்கு வேண்டாம்.

ஜாக்கெட்டை ஒரேயடியாகக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. நிலாவெளியில் முதல்நாள் வருகிறவர்களுக்கு நாங்கள் மாட்டிவிடுவது அதைத்தான். தண்ணீருக்கு மேலே நிமிர்ந்து மிதக்க நல்லது, போடவும் கழற்றவும் இலகு. ஆனால் காற்று விலாவைச் சுற்றி நிற்பதால், கீழேயும் அது ஆளை நிமிர்த்தவே பார்க்கும். புறாமலைப் பக்கம் அப்படி ஒருவரின் பின்னால் நீந்தினால் வடிவாகத் தெரியும். தலை மேலே, இடுப்பு கீழே, கால்துடுப்பு ஒவ்வொரு உதைக்கும் மணலைக் கிளப்பும், அந்த மணல் போய்ப் பவளத்தில் படியும். அந்தச் சாய்வில் உதைக்கிற உதை ஆளை முன்னுக்கு மட்டுமல்ல, மேலுக்கும் தள்ளும். மேலே போகாமல் இருக்க அவர் இன்னும் இரண்டு ஈயக்கட்டி கேட்பார். ஈயம் கூடினால் ஜாக்கெட்டில் காற்றும் கூட வேண்டும், அப்புறம் இன்னும் நிமிர்வார். கடலில் இதனால் பவளத்துக்குத்தான் கேடு. நீ உள்ளே போக ஆசைப்படும் பழைய கப்பல்களில், அதே உதை சேற்றைக் கிளப்பிவிட்டால் வெளியே வரும் வழியே தெரியாது.

தட்டும் விங்கும் வேறு மாதிரி. காற்று முழுவதும் முதுகுப் பக்கம், சிலிண்டரின் இரு புறமும் இருக்கும். தட்டின் பாரமும் முதுகின் மேல்பாதியில்தான். அதனால் நீர்மட்டமாகக் கிடப்பது இயல்பாக வரும். இது கடைகளில் பிறந்த யோசனையல்ல. 1970களின் கடைசியில் வடக்கு ஃப்ளோரிடாவின் ஊற்றுக் குகைகளுக்குள் போனவர்கள், இரட்டைச் சிலிண்டரை முதுகில் ஆடாமல் கட்ட வழி தேடி, உலோகத் தகட்டை வளைத்துச் செய்துகொண்டது. அவர்களில் ஒருவரான பில் ஹோகார்த் மெயின், தேவையில்லாத ஒவ்வொன்றையும் கழற்றிக்கொண்டே போய் ஒரு அமைப்பை உருவாக்கினார். ஹோகார்த்தியன் என்று அவர் பெயராலேயே இன்றைக்கும் அதைச் சொல்கிறார்கள்.

தட்டை இப்போதே வாங்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அதன் நடுவில் மேலொன்றும் கீழொன்றுமாக 11 அங்குல இடைவெளியில் துளைகள் இருக்கும். இரட்டைச் சிலிண்டர்களைச் சேர்த்துப் பிடிக்கும் வளையங்களின் போல்ட் அந்த அளவுக்குத்தான் வருகிறது. இன்றைக்கு ஒற்றைச் சிலிண்டரோடு நீ போடும் அதே தட்டும் அதே ஹார்னஸும், நாளைக்கு இரட்டைச் சிலிண்டரோடும் உன் முதுகில் இருக்கும். உடம்புக்குப் பழகியது எதுவும் மாறாது. விங் மட்டும்தான் மாறும்.

சரி, அப்படியானால் பெரிய விங்கையே ஏன் இப்போது வாங்கக்கூடாது? உன் நண்பரின் கணக்கு காசுக் கணக்கு. என் கவலை கடைசி 10 மீட்டரைப் பற்றியது. இரட்டைச் சிலிண்டர் விங் 18 முதல் 27 கிலோ வரை தூக்கும்படி அகலமாகத் தைத்தது. அதை ஒற்றைச் சிலிண்டருக்குப் போட்டால் இரண்டு பக்கமும் மேலே மடிந்து சிலிண்டரைக் கட்டிக்கொள்ளும். காற்று அந்த மடிப்பின் உச்சியில் போய்த் தங்கும். காற்றை வெளியேவிடும் வால்வை நீ இழுப்பாய், கொஞ்சம் வரும், மிச்சம் உள்ளேயே நிற்கும். 10 மீட்டரில் மடிப்புக்குள் நின்ற காற்று மேலே வரும்போது இரண்டு மடங்காகும். புதிதாக மூழ்குகிற பிள்ளைக்கு எல்லாவற்றிலும் கடினமான இடம் அதுதான். அங்கே உன் சொல் கேட்காத ஒரு பையை முதுகில் கட்டிக்கொண்டு நீ நிற்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

இனி, 14 கிலோ எப்படிக் காணும் என்று கேட்பாய். கணக்கைப் பார். விங்குக்கு இரண்டே வேலை. ஒன்று, நீ கொண்டுபோகும் காற்றின் எடையை ஈடுசெய்வது. ஒன்ராறியோவில் நீ வாடகைக்கு எடுக்கும் 100 கன அடி ஸ்டீல் சிலிண்டரில் உள்ள காற்றே ஏறக்குறைய மூன்றரைக் கிலோ. மூழ்கத் தொடங்கும்போது அவ்வளவு பாரமாக இருப்பாய், முடியும்போது அது போயிருக்கும். தண்ணீர் உள்ளே புகாத ட்ரைசூட்டில் நீ இருப்பதால், ஆழத்தில் உடுப்பு அமுங்குவதை உடுப்புக்குள் விடும் காற்றே பார்த்துக்கொள்ளும். இரண்டாவது வேலை, படகடியில் நீ எல்லாவற்றையும் கழற்றிவிட்டால், அந்த மொத்தமும் உன் உதவியில்லாமல் மிதக்க வேண்டும். நிறைந்த சிலிண்டர் வால்வோடு நாலரைக் கிலோ அளவுக்குக் கீழே இழுக்கும், ஸ்டீல் தட்டு இரண்டரைக் கிலோ அளவுக்கு, மூச்சுவிடும் ரெகுலேட்டர் ஒரு கிலோ. எட்டு, எட்டரைக் கிலோ. 14 கிலோ விங்குக்கு இது பாரமே அல்ல.

ஆனால் தடித்த உள்ளுடுப்புக்காக நீ கட்டும் எட்டுப் பத்துக் கிலோ ஈயத்தையும் அதே தட்டில் ஏற்றினால் கணக்கு முறிந்துவிடும், கழற்றியதும் எல்லாம் தாழும். அதுமட்டுமல்ல, ஈயமில்லாத ட்ரைசூட்டோடு நீ மேலே தக்கையாக நிற்பாய். அதனால் ஈயத்தில் பெரும்பங்கு உன் இடுப்புப் பட்டியில் இருக்கட்டும். ஆபத்துக்குக் கழற்றி விடவும் அதுதான் வசதி.

இன்னொன்று. கடைக்குப் போவதற்கு முன்னால் உனக்கு உண்மையில் எவ்வளவு ஈயம் வேண்டும் என்று பார்த்துவிடு. மூழ்கி முடிக்கிற நேரத்தில், சிலிண்டரில் 40, 50 பார் அழுத்தம் இருக்கும்போது, 4 மீட்டர் ஆழத்தில் விங்கை முழுவதும் காலியாக்கு. சாதாரணமாக மூச்சுவிட்டு அந்த இடத்தில் அசையாமல் நிற்க வேண்டும். தாழ்ந்தால் ஈயத்தைக் குறை. ஏரியில் பார்த்த அளவு கடலுக்குச் சரிவராது. நன்னீர் கடல்நீரைவிட இரண்டரைச் சதவீதம் இலேசு. நீயும் சாமானும் 100 கிலோ என்றால், அங்கே இரண்டரைக் கிலோ குறைவாகவே தேவைப்படும். திருகோணமலைக்கு வரும்போது அதைத் திரும்பச் சேர்க்க வேண்டும் என்றாலும், இங்கே மெல்லிய உடுப்புத்தானே, ஈயமே அதிகம் வேண்டியிராது. ஸ்டீல் தட்டை விமானத்தில் தூக்கி வராதே. என்னிடம் அலுமினியத் தட்டு ஒன்று இருக்கிறது, ஒரு கிலோகூட வராது. உன் ஹார்னஸ் அளவைச் சொல்லிவிட்டால் கோத்து வைத்துவிடுவேன்.

கோப்பது என்றதும் நினைவு வருகிறது. ஹார்னஸ் வாங்கிய அன்றே கடையில் கோத்துத் தரச் சொல்லாதே. நீயே செய். ஒரு மாலையை அதற்கு ஒதுக்கு. இரண்டு அங்குல நாடா புதிதில் விறைப்பாக இருக்கும், உலோகப் பூட்டுக்குள் இழுக்க விரல் நோகும். நாடாவின் நுனியைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டால் கொஞ்சம் வழிவிடும். அளவு பார்க்கும்போது ட்ரைசூட்டையும் உள்ளுடுப்பையும் போட்டுக்கொண்டுதான் பார்க்க வேண்டும், மெல்லிய சட்டையோடு பார்த்தால் தண்ணீரில் இறுகிவிடும். கழுத்தடியில் தடவினால் ஒரு எலும்பு முட்டும், தட்டின் மேல்விளிம்பு அதற்குச் சற்றுக் கீழே நிற்கட்டும். தோள்பட்டிக்கும் நெஞ்சுக்கும் இடையில் உன் முஷ்டி நுழைய வேண்டும். பலரும் அதை இறுக்கிக் கட்டிவிட்டு, ட்ரைசூட்டோடு கையை வெளியே எடுக்க முடியாமல் படகில் திண்டாடுவார்கள். தளர்வாக விடு, தட்டு மேலே ஏறாமல் பிடிப்பது தொடையிடைப் பட்டியின் வேலை. கையைப் பின்னுக்கு உயர்த்திச் சிலிண்டர் வால்வைத் தொட்டுப் பார். எட்டவில்லை என்றால் தட்டைக் கொஞ்சம் மேலே எடு. மிச்ச நாடாவை உடனே வெட்டாதே. சில வாரம் மூழ்கி, அளவு நிலைத்த பிறகு வெட்டி, நுனியை லைட்டரால் உருக்கிவிடு.

மேலே மிதக்கும்போது விங் முகத்தைத் தண்ணீருக்குள் தள்ளும் என்று யாரோ சொன்னதாக எழுதியிருந்தாய். நிரம்ப ஊதினால் தள்ளும். வாய் தண்ணீருக்கு மேலே வரும் அளவுக்கு மட்டும் ஊதி, சாய்மனைக் கதிரையில் சாய்வதுபோல் பின்னுக்குச் சாய்ந்துகொள், நீரே தாங்கும்.

பழையது வாங்கலாமா என்றால், தட்டைத் தாராளமாக வாங்கலாம். ஸ்டீலுக்கு ஒன்றும் ஆகாது, நாடாவை மட்டும் மாற்று. விங் அப்படியல்ல. முழுக்க ஊதி ஒரு இரவு வைத்துப் பார், காலையில் தளர்ந்திருந்தால் வேண்டாம். இரண்டு பக்கமும் இறுக்க இழுவைக்கயிறு தைத்த விங் கிடைத்தால் அதையும் விட்டுவிடு, மடிப்புகளில் காற்று சிக்கும். சிலிண்டர்களை விலாவோரம் கட்டும் சைட்மவுண்ட் பற்றியும் கேட்டிருந்தாய். நெருக்கமான குகைகளுக்கு அது நல்லது. படகிலிருந்து இறங்கி, தடித்த கையுறையோடு, குளிர் ஏரியில் பழகத் தொடங்கும் உனக்கு இப்போது தேவையில்லை.

இனி ஆசையைப் பற்றி. நீ ஆழத்துக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அம்மா சொன்னாலும் நான் சொல்லமாட்டேன். ஒன்ராறியோவின் டோபர்மோரியில் ஸ்வீப்ஸ்டேக்ஸ் என்ற பழைய கப்பல் கிடப்பது 6 மீட்டர் ஆழத்தில்தான். 1885 முதல் அந்தத் துறைமுகத்தில் கிடக்கிறது. அதன்மேல் அசையாமல் நின்று, உன் துடுப்பு ஒன்றையும் தொடாமல் திரும்பப் பழகு. அதே சின்ன விங்கோடு, ஜியூஇ என்ற மூழ்கல் பயிற்சி அமைப்பு நடத்தும் ஃபண்டமென்டல்ஸ் என்ற அடிப்படை வகுப்பைச் செய். ஒற்றைச் சிலிண்டரோடும் செய்யலாம், தட்டும் விங்கும் வேண்டும் என்றுதான் அவர்களும் கேட்கிறார்கள். ட்ரைசூட்டில் நீ ஒரே இடத்தில் நின்று முகமூடியைக் கழற்றிப் போடுவதை உன் ஆசிரியர் பார்த்து, சரி என்று சொன்ன பிறகு இரட்டைச் சிலிண்டரைப் பற்றிக் கதைப்போம். அன்றைக்குப் பெரிய விங்கை நான் வாங்கித் தருகிறேன். அங்கேயே 30 மீட்டரைத் தாண்டிக் கிடக்கும் அரேபியா என்ற கப்பலுக்கு அதோடு போ.

அதன்பிறகு ஹெர்மிஸ். விமானந்தாங்கியாகவே வரைந்து கட்டத் தொடங்கிய முதல் கப்பல். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன, முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் அதோடு போனார்கள். மட்டக்களப்புக்கு அப்பால், 50 மீட்டருக்குச் சற்றுக் கூடிய ஆழத்தில் கிடக்கிறது. நீ சின்னவளாக இருந்தபோதே அதைப் பற்றி என்னைத் துளைத்தெடுத்திருக்கிறாய். உன்னோடு அங்கே இறங்க வேண்டும் என்பது எனக்கும் உள்ள ஆசை.

இப்போதைக்கு ஒரு வேலை செய். அடுத்த முறை மூழ்கும்போது நான் சொன்ன ஈயச் சோதனையைச் செய்து, கிலோவை எழுதி அனுப்பு. நீ நீந்துவதைப் பக்கவாட்டில் யாராவது வீடியோ எடுத்தால் அதையும் அனுப்பு, முழங்கால் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதைப் பார்த்துவிட்டு எந்த விங் என்று சொல்கிறேன். அதுவரை கடைக்காரரிடம் முற்பணம் கொடுக்காதே.

அன்புடன்,
அப்பா