கிட்டார் கம்பிய தனித்தனியாவும் வித்தா நல்லது

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

நான் ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்துல இருக்கேன். எங்க சர்ச்சுல ஞாயித்துக்கிழமை கீர்த்தனைகளுக்கு கிட்டார மடியில வச்சு, கம்பி மேல தேய்க்கிற இரும்புத் துண்டு, அதான் பார் புடிச்சு வாசிக்கிறது நாந்தான், இங்க எல்லாரும் ஹவாயன் கிட்டார்னு சொல்றது, ஸ்டீல் கிட்டார்ங்கிறதும் அதத்தான். இப்ப லயத்துப் பிள்ளைங்க நாலு பேரு எங்கிட்ட கத்துக்கிறாங்க, அதுங்களுக்காகத்தான் இந்தக் கடிதம்.

டவுன்ல கடைக்குப் போயி ஸ்டீல் கிட்டாருக்கு கம்பி கேட்டா சாதாரண கிட்டார் செட்ட எடுத்துக் குடுத்து எல்லாம் ஒண்ணுதான்னு சொல்றாங்க. ஒண்ணு இல்லைங்க. 12ல இருந்து 53 வரைக்கும் வர்ற லைட் செட்டு, 12ன்னா 0.012 அங்குலம் தடிப்பு, அது தடிச்ச கம்பியில இருந்து ஈ ஏ டி ஜி பி ஈன்னு சுருதி வைக்கிறதுக்குன்னே செஞ்சது. நாங்க வைக்கிறது ஓபன் ஜி, அதாவது ஜி பி டி ஜி பி டி. நடுவுல மூணு கம்பி இருந்த சுருதியிலயே நிக்கிது, ஆனா ஆறாவது, அதாவது ஆகத் தடிச்ச கம்பி ஈயில இருந்து ஜிக்கு ஏறணும், அஞ்சாவது ஏயில இருந்து பிக்கு ஏறணும், ஆக ஒல்லியான மொதக் கம்பி மட்டும் டிக்கு எறங்கணும். ஒரே கம்பியில சுருதி ஏத்தினா இழுவை அதிர்வெண் கூடுற விகிதத்தோட வர்க்கமா கூடும், அதனால ஆறாவதுல 41 சதவீதம், அஞ்சாவதுல 26 சதவீதம் கூடிருது, மொதக் கம்பியில 21 சதவீதம் கொறஞ்சிருது.

இது தெரியாம எங்க மாமா வச்சிட்டுப் போன கிட்டார நானே கெடுத்தேன். கடையில சொன்னத நம்பி அந்த செட்டப் போட்டு ஜிக்கு ஏத்தி செவத்துல சாய்ச்சு வச்சேன், மழை நாளு, ரெண்டு வாரத்துல பிரிட்ஜுக்கு, அதாவது கம்பி மாட்டுற, பலகையில ஒட்டியிருக்கிற கட்டைக்குப் பின்பக்கம் ஒரு பிளேடு உள்ள போற அளவுக்கு பசை விட்டு பலகையும் வயிறு மாதிரி மேல வந்துருச்சு. மொதக் கம்பியோ தொளதொளன்னு, பார வச்சா அப்படியே அமுங்கி சுருதி ஏறிப் போகும், எவ்வளவு கவனமா புடிச்சாலும் கமகம் நிக்காது.

இப்ப நான் செய்யிறது, அதே செட்டுல ஆறாவது கம்பி 53அ எடுத்துட்டு 44 இல்லாட்டி 46, அஞ்சாவது 42க்குப் பதிலா 38, மொதக் கம்பிக்கு 12 வேணாம் 14. நடுவுல இருக்கிற மூணையும் தொடுறதில்ல. இழுவை ஏறக்கொறைய பழைய அளவுக்கே வந்துரும், கிட்டாரும் தாங்கும். டோப்ரோவுக்குன்னு, அதாவது உள்ள உலோகக் கூம்பு வச்ச கிட்டாருக்குன்னு, 16ல இருந்து 56 வரைக்கும் ஒரு செட்டு இருக்கு, சுருதி இதேதான்னு அத வாங்கி மரக் கிட்டாருல போட்டுறாதீங்க, டோப்ரோவுல கம்பி கடைசியில ஒரு இரும்புத் தகட்டுல மாட்டியிருக்கும், பிரிட்ஜ பசையில இருந்து பிச்சு இழுக்காது, நம்மளுது அப்படி இல்ல.

இன்னொண்ணு. ஒல்லிக் கம்பி போட்டா அறாம இன்னும் மேல ஏத்தலாம்னு பிள்ளைங்க நெனைக்கிறாங்க. கம்பி ஒல்லியாக ஒல்லியாக இழுவை கொறையிற அதே கணக்குல தாங்குற பலமும் கொறையும், அதனால மேல சுத்து இல்லாத வெறும் கம்பி எந்த சுருதியில அறும்ங்கிறது தடிப்புல இல்ல, கழுத்து மேல்முனையில கம்பி தாங்குற நட்டுல இருந்து பிரிட்ஜு வரைக்கும் உள்ள நீளத்துலதான் இருக்கு. 25.5 அங்குலத்துல அறுற சுருதி 22.5 அங்குல லாப் ஸ்டீல்ல, அதாவது மடியில வச்சு வாசிக்கன்னே செஞ்ச கிட்டாருல, நிம்மதியா நிக்கும். இந்த ஒரு விசயம் தெரியாம எங்க பையன் ஒருத்தன் ஒரே வாரத்துல மூணு கம்பிய அறுத்துட்டான், அவங்க அம்மா கொழுந்து பறிச்ச காசு அது.

அதனால மலையகத்துல கிட்டார் சாமான் விக்கிற கடைக்காரங்கள ஒங்க பத்திரிகை வழியா கேட்டுக்கிறேன், செட்டோட சேத்து தனிக் கம்பியும் வச்சு வித்தா பெரிய உதவி. எங்க பிள்ளைங்களுக்கு ஒரு 14, ஒரு 38, ஒரு 46 கெடைச்சாப் போதும்.

இப்படிக்கு,
தோட்டத்து வாசகர்,
ஹட்டன்