தென்கரை விமானத் தளங்களுக்குத் தராசு கேட்டு மேற்கு நியூ பிரிட்டன் ஆளுநருக்கு ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்:
கிம்பே நகரில் கடை வைத்திருக்கும் தமிழர்கள் சிலர், தென்கரைச் சிறுகடைக்காரர்களுடன் சேர்ந்து,
கிம்பே, மேற்கு நியூ பிரிட்டன் மாகாணம், பப்புவா நியூ கினி.

பெறுநர்:
மாண்புமிகு சசீந்திரன் முத்துவேல் அவர்கள்,
ஆளுநர், மேற்கு நியூ பிரிட்டன் மாகாணம்,
கிம்பே.

பொருள்: தென்கரையில் உள்ள புல்தரை விமானத் தளங்களில் எடை பார்க்கவும், தரையைப் பராமரிக்கவும், காலை வானிலை சொல்லவும் ஏற்பாடு செய்யக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே கோரிக்கையை ஆங்கிலத்தில் தனியாக எழுதித் தங்கள் அலுவலகத்தில் கொடுக்கிறோம். முத்திரை விழுவதற்கு அந்தத் தாள் போதும். இதைத் தமிழில் எழுதக் காரணம், இதில் ஒரு தப்பை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தால் அது தப்பு மாதிரியே தெரியவில்லை. சிவகாசியில் பிறந்தவரிடம் தமிழில் சொன்னால் மழுப்ப முடியாது என்று தோன்றியது.

எங்களில் பலருக்குத் தென்கரையோடுதான் வியாபாரம். அரிசி, டின் மீன், சோப்பு, மருந்து எல்லாம் கப்பலில் போகும். அவசரமானது பாலுஸில் போகும். ஊர்க்காரர்கள் விமானத்தை அப்படித்தான் சொல்கிறார்கள், எங்களுக்கும் அதுவே பழகிவிட்டது. நடுவில் ஒயிட்மேன் மலைத்தொடர் நிற்கிறது. எந்த மாதத்திலும் நம்பிப் போகலாம் என்று சொல்லும்படி ஒரு சாலை அதைத் தாண்டி இன்னும் அமையவில்லை. பிரசவத்துக்குப் பெண்ணைக் கொண்டு வருவதானாலும், பள்ளிக்கூட ஆசிரியர் சம்பளம் எடுக்க வருவதானாலும் ஒன்பது பேர் உட்காரும் ஐலாண்டர், இல்லாவிட்டால் காரவான், டுவின் ஆட்டர் போன்ற சிறு விமானங்கள்தான். அதை விட்டால் வெளியெஞ்சின் மாட்டிய படகு.

இப்போது அந்தத் தப்பைச் சொல்லிவிடுகிறேன். இதை எழுதுகிற நான் ஒரு மொத்தக் கடைக்காரன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜூலை மாதம், தென்கரையில் ஒரு தளத்தில் கிம்பே திரும்ப நின்றுகொண்டிருந்தேன். ஊர்ப் பெயரும் விமானக் கம்பெனிப் பெயரும் வேண்டாம். அங்கே எடை பார்க்க இருந்தது ஒரு கொக்கித் தராசு. முள் துருப்பிடித்து இருபதுக்குப் பக்கத்தில் சிக்கி நின்றது. எதை மாட்டினாலும் இருபது. ஆட்களை யாரும் நிறுக்கவில்லை. பார்வையிலேயே ஆளுக்கு இத்தனை என்று ஒரு பள்ளி நோட்டில் எழுதிக்கொண்டார்கள். அம்மாக்கள் மடியில் வைத்திருந்த பிலும் எனும் பின்னல் பைகள் கணக்கிலேயே வரவில்லை. அந்தப் பைக்குள் கவ்கவ் கிழங்கு, புவாய் எனும் பாக்கு, சில சமயம் ஒரு குழந்தையும் இருக்கும்.

என்னிடம் இரண்டு அரை மூட்டை கோகோ. எவ்வளவு என்று கேட்டார்கள். இருபது, இருபது என்றேன். பின்கதவு வழியாக வாலுக்குப் பக்கத்தில் நானே தள்ளிவிட்டேன். எனக்கு முன்னால் நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள், மருத்துவமனைக்குப் போகிறவள். விமானி எஞ்சினைப் போட்டவர், உடனே அணைத்துவிட்டு இறங்கி முன்சக்கரத்தைப் போய்ப் பார்த்தார். முன்சக்கரத்தின் கால் நீண்டு நின்றது. அதாவது மூக்கில் பாரமே இல்லை. இளைஞர்தான், ஆனால் கத்திய கத்தலை நான் மறக்கவில்லை. பின்னால் இருந்ததெல்லாம் இறங்கியது. என் மூட்டைகளைக் கப்பலில் கிம்பேக்கு வரவழைத்து, எங்கள் கடை மேடைத் தராசில் வைத்தேன். ஒன்று 31 கிலோ, மற்றது 34.

இதில் என்ன பெரிய விஷயம், 25 கிலோ கூடுதல்தானே என்று அன்றைக்கு நினைத்தேன். அப்புறம்தான் கியுங்கா விபத்தின் விசாரணை முடிவைப் படித்தேன். 2016 ஏப்ரல் 13 அன்று, ஓக்சப்மினிலிருந்து கியுங்காவுக்கு வந்த ஐலாண்டர் இறங்குகிற நேரத்தில் மூக்கைத் தூக்கிக்கொண்டு விழுந்தது. விமானியோடு 12 பேர், ஒருவரும் பிழைக்கவில்லை. விமானத்தின் பார மையம் அனுமதித்த எல்லையைத் தாண்டி வெகுவாகப் பின்னால் போயிருந்தது, இறங்குவதற்காக இறக்கை மடிப்பை இறக்கியதும் மூக்கைக் கீழே அழுத்த விமானியால் முடியாமல் போயிருக்கும் என்று நாட்டின் விபத்து விசாரணை ஆணையம் எழுதியது.

நம் ஊர்ப் பக்கம் பாரவண்டி ஓட்டிய யாருக்கும் இது புரியும். பின்பாரம் ஏறினால் நுகத்தடி மேலே தூக்கிக்கொண்டு போகும், மாட்டின் கழுத்துக் கயிறு இறுகும். வண்டிக்காரன் உடனே இறங்கி இரண்டு மூட்டையை முன்னால் இழுத்துப் போடுவான். வண்டி தரையில் நிற்கிறது, அதனால் அவனுக்கு நேரம் இருக்கிறது. பாலுஸில் அது தெரிய வருகிற நேரம் சில நூறு அடி உயரத்தில், வேகம் குறைந்து, மரங்களுக்கு மேலே. மொத்த எடை சரியாகவே இருந்தாலும் வைத்த இடம் தப்பானால் இதே கதிதான். அதனால் விமானிக்கு இரண்டு எண் வேண்டும்: எவ்வளவு, எங்கே. இரண்டையும் நாங்கள் பொய்யாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

பக்கத்து ஊர் கதை என்று கிம்பேக்காரர்கள் யாரும் சொல்ல முடியாது. ரபாவுல் குயின் என்ற பயணிகள் கப்பல் இங்கிருந்துதான் லே துறைமுகத்துக்குப் புறப்பட்டது. 2012 பிப்ரவரி 2 காலையில் மூழ்கியது. அளவுக்கு மேல் ஆள் ஏற்றியிருந்தார்கள். எத்தனை பேர் ஏறினார்கள் என்று ஒழுங்கான பட்டியல்கூட இல்லாததால், நூற்றுக்கு மேற்பட்டவர்கள் போனார்கள் என்பதைத் தவிர இன்றுவரை ஒரே எண்ணைச் சொல்ல ஆளில்லை. அனுமதித்த அளவுக்கு மேல் மருந்து, அனுமதித்த ஆளுக்கு மேல் ஆள் என்று பட்டாசு ஆலை விபத்துச் செய்திகளைப் படித்து வளர்ந்த தங்களுக்கு இதை நாங்கள் விளக்க வேண்டியதில்லை.

இனி வானிலை. கிம்பேயில் டிசம்பர் முதல் மார்ச் வரை மழை கொட்டும். தென்கரையில் நேர்மாறு: தென்கிழக்குக் காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரைதான் அங்கே அடைமழை. ஆண்டுக்கு 5000 மி.மீ.க்கு மேல் பெய்கிற கரை அது. ஆக, கிம்பேயின் விமான நிலையமான ஹாஸ்கின்ஸில் பளிச்சென்று வெயில் அடிக்கிற காலை நேரத்தில் விமானி புறப்படுகிறார். மலையைத் தாண்டினால் தென்கரையில் காண்ட்ரியன் பக்கம் மேகம் வெள்ளைச் சுவராக நிற்கும். கீழே போய்ப் பார்க்கலாமா, திரும்பலாமா என்று அவர் தனியாக முடிவெடுக்க வேண்டும். தளத்தில் நிற்கும் ஒருவர் அரை மணி நேரம் முன்னால் “மலை தெரியவில்லை, வராதே” என்று சொல்லியிருந்தால் அந்த முடிவுக்கே வேலையில்லை. 2009 ஆகஸ்ட் 11 அன்று போர்ட் மோர்ஸ்பியிலிருந்து கொக்கோடாவுக்குப் போன டுவின் ஆட்டர், ஓவன் ஸ்டான்லி மலைத்தொடரின் இடைவெளிப் பகுதியில் மேகத்துக்கு நடுவே மலையில் மோதியது. 13 பேர் இறந்தார்கள். விமானத்தில் பழுது இல்லை. அதில் குரல்பதிவுக் கருவி இல்லாததால், கடைசி நிமிடங்களில் விமானி அறையில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது யாருக்கும் தெரியாமலே போய்விட்டது.

எல்லா விபத்துக்கும் தரையில்தான் காரணம் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. 2011 அக்டோபர் 13 அன்று மடாங் அருகே டேஷ்-8 விழுந்து 28 பேர் இறந்தது வேறு விஷயம். இறங்கும்போது எஞ்சின் லீவர்கள் பறக்கும் நிலைக்குக் கீழே இழுபட்டு, இரண்டு புரொப்பெல்லர்களும் அளவு மீறிச் சுழன்றன. அதை மாகாண நிர்வாகம் தடுத்திருக்க முடியாது. நாங்கள் கேட்பது மாகாணத்தின் கைக்கு எட்டுவதை மட்டும்.

தளத்தின் நிலையும் அப்படித்தான். பல புல்தரைத் தளங்கள் ஒருவழிப் பாதை. மேட்டை நோக்கி இறங்க வேண்டும், பள்ளத்தை நோக்கிக் கிளம்ப வேண்டும். ஒரு கட்டத்துக்கு மேல் இறங்க வந்துவிட்டால் திரும்ப எழும்பிப் போக இடமிருக்காது. அந்த நிலையில் புல் முழங்கால் உயரம், நடுவில் பன்றி உழுத குழி, ஓரத்துக் கால்வாய் அடைத்து மேலே தேங்கிய தண்ணீர். ஈரப் புல்லில் பிரேக் பிடிக்காது. 2010 ஆகஸ்ட் 31 அன்று மிசிமா தீவில் ஒரு சிறிய ஜெட், ஈரமான ஓடுதளத்தில் நிற்காமல் அதன் முனையைத் தாண்டி ஓடி நொறுங்கியது. ஐந்து பேரில் ஒருவர்தான் மிஞ்சினார். ஜெட் இறங்குகிற ஓடுதளத்துக்கே அந்தக் கதி.

விபத்து நடந்ததும் “பைலட் தப்பு” என்று எல்லாரும் சொல்லிவிடுகிறார்கள். 2020 ஜூலையில் போர்ட் மோர்ஸ்பிக்கு வெளியே ஒரு செஸ்னா விமானம் 500 கிலோவுக்கு மேற்பட்ட கொக்கெயினோடு எழும்ப முடியாமல் விழுந்தபோது எங்கள் கடை வாசலில் எல்லாரும் சிரித்தோம், பேராசைக்காரன் பாரம் தாங்காமல் விழுந்தான் என்று. நானும் சிரித்தேன். என் கோகோ மூட்டை அப்போது எனக்கு ஞாபகம் வரவில்லை.

ஆகவே எங்கள் வேண்டுகோள் இது. தென்கரையில் இன்றும் விமானம் இறங்குகிற ஒவ்வொரு தளத்திலும் மாகாணச் செலவில் ஒரு மேடைத் தராசு வேண்டும். ஆள் தன் பையோடு அதில் ஏறி நிற்க வேண்டும், பிலும் பையும் சேர்த்து. எடையை ஒரு புத்தகத்தில் எழுதி, எழுதியவர் கையெழுத்துப் போட்டு, பிரதியை விமானியிடம் கொடுக்க வேண்டும். தராசை ஆண்டுக்கு ஒருமுறை சரிபார்க்க வேண்டும். உப்புக் காற்றில் எதுவும் இரண்டு வருடம் தாங்காது என்பது கடை வைத்திருக்கிற எங்களுக்குத் தெரியும்.

இதைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்தே ஒருவருக்கு மாதச் சம்பளம் வேண்டும். அவரே காலை ஆறு மணிக்கு மலை தெரிகிறதா, தண்ணீர் தேங்கியிருக்கிறதா, காற்று எந்தப் பக்கம் என்று ஹாஸ்கின்ஸுக்குச் சொல்லலாம். தொலைபேசி எடுக்காத ஊர்களில் சுகாதார நிலையத்து ரேடியோவைப் பயன்படுத்த அனுமதி தந்தால் போதும். அவர் சொன்னதற்காக விமானம் வராமல் போனால், ஊர்க்காரர்களோ எங்களைப் போன்ற வியாபாரிகளோ அவர்மேல் பாயாதபடி, அவருக்கு மாகாணத்தின் எழுத்து வேண்டும். இதைச் சின்ன விஷயம் என்று விட்டுவிட வேண்டாம் ஐயா. இறைச்சிப் பெட்டி வெயிலில் உருகும்போது நாங்கள் என்னென்ன பேசுவோம் என்பது எங்களுக்குத்தான் தெரியும்.

புல் வெட்டுவதற்கும் கால்வாய் தூர்வாருவதற்கும் ஒரே தடவை பெரிய தொகை ஒதுக்கி ரிப்பன் வெட்டாமல், மாதாமாதம் ஊருக்குக் கூலியாகக் கொடுத்தால் வேலை நடக்கும். மாகாண மேம்பாட்டு நிதியில் இதற்கு இடம் இருக்கும் என்று நம்புகிறோம். ஆளுநர் என்ற முறையில் தாங்கள் நாடாளுமன்ற உறுப்பினரும்கூட. எனவே, சிறு பயணிகள் விமானங்களிலும் குரல்பதிவுக் கருவி வைப்பது பற்றியும், விசாரணை அறிக்கைகளின் சாரத்தை இங்கே பொதுமொழியான டோக் பிசினில் எழுதித் தளங்களில் ஒட்டுவது பற்றியும் அங்கே ஒருமுறை கேட்க வேண்டும். கியுங்கா அறிக்கை ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக இருக்கிறது. மூட்டையைப் பின்கதவில் தள்ளுகிறவன் அதைப் படிக்கப்போவதில்லை.

எங்கள் பங்குக்கு: எங்கள் கடைகளிலிருந்து போகும் ஒவ்வொரு சரக்கின் மேலும் நிறுத்த எடையைப் பெரிய எழுத்தில் எழுதித்தான் இனி அனுப்புவோம். முதல் தளத்துக்கான தராசுக்கு மாகாணம் செலவழிக்க வேண்டாம். என் கோகோவை நிறுத்த அந்த மேடைத் தராசு இன்னும் நன்றாக ஓடுகிறது, 300 கிலோ வரை தாங்கும். எந்தத் தளம் என்று அலுவலகத்திலிருந்து ஒரு வரி வந்தால், துடைத்து, சரிபார்த்து, எங்கள் வண்டியிலேயே ஹாஸ்கின்ஸில் கொண்டு வந்து இறக்கிவிடுகிறோம். அதன் எடை 46 கிலோ, நிறுத்தே சொல்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,

(கையொப்பங்கள் தனித் தாளில்)
கிம்பே